சால்வை போட்டு நிறுத்திய சிம்பொனி

செவல்பட்டியில் எந்தக் காரியமும் முடியாமல் நின்றுபோனது ராஜகனி அண்ணாச்சி புதுக் கல்யாண மண்டபம் திறந்த அன்றைக்குத்தான், அதற்கு முந்தியெல்லாம் மற்ற ஊர்களைப் போல இங்கேயும் பால் பொங்கி வழிந்தது, பஸ் வந்து நின்றது, குழாயடியில் சண்டை போட்டவர்கள் போட்டு முடித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். திறப்பு விழாவுக்கு ஆர்க்கெஸ்ட்ரா வருகிறது என்றதும் ஊரே சினிமாப் பாட்டு என்று நினைத்தது, இளவட்டங்கள் ஆடுவதற்கு இடம் வேண்டுமென்று முன்வரிசை நாற்காலிகளைப் பின்னால் தள்ளினார்கள், ஆனால் சென்னையிலிருந்து வந்து இறங்கிய அத்தனை பேரும் நல்ல காரியத்துக்கு யாரும் உடுத்தாத கறுப்பை உடுத்தியிருந்தார்கள், பாடுகிறவர் அதில் ஒருத்தர்கூட இல்லை, மைக்கும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அண்ணாச்சியின் மருமகன் அந்தக் கூட்டத்தில் வயலின் வாசிக்கிறவர், அதனால் யாரும் வாய் திறக்கவில்லை.

குச்சி வைத்து வாசிப்பை நடத்துகிறவர் தபித்தா என்று ஒரு மேடம். இது ஐரோப்பாவில் இருநூறு வருஷத்துக்கும் முந்தி எழுதிய சிம்பொனி, நாலு பாகம் உண்டு, பாகத்துக்குப் பாகம் கை தட்ட வேண்டாம், எல்லாம் முடிந்தபின் தட்டினால் போதும் என்று தெளிவாகத்தான் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டார். கடைசிப் பாகத்தில் எல்லாம் முடிந்துவிட்ட மாதிரி முழங்கி, சத்தமே இல்லாமல் கொஞ்ச நேரம் நின்று, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடியும் ஆரம்பிக்கும், அது எழுதின மனுஷர் ஜனங்களை ஏமாற்றிச் சிரிக்க வைப்பதற்கென்றே வைத்த வேடிக்கை, முன்னாலேயே சொன்னால் வேடிக்கை கெட்டுவிடும் என்று மேடம் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டார்.

பேச்சி அன்றைக்கு மதினிக்குத் துணையாக வந்திருந்தாள். பதினேழு வயசு, பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சலித்துப்போய் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவள். மதினி தங்கமாரி நிறைமாசக்காரி, சிம்பொனிக்கு ஆசைப்பட்டு வரவில்லை, மண்டபத்தில் ஏசி உண்டு என்று கேள்விப்பட்டு வந்தாள். முதல் பாகம் பேச்சிக்குப் பிடிபடவில்லை, ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்வது அம்மா திட்டுகிற மாதிரியே இருந்தது, இரண்டாம் பாகத்தில் மதினி குறட்டை விட்டாள், மூன்றாவது ஏதோ ஆட்டத்துக்குப் போட்டது போலத் துள்ளியது, நாலாவது ஓடியது, ஓடி ஓடி மூச்சு வாங்கி எக்காளமும் பெரிய முரசுகளும் எல்லாமாகச் சேர்ந்து ஒரு முழக்கு முழக்கின பாருங்கள், அது கெட்டிமேளம்தான், கெட்டிமேளமேதான். கெட்டிமேளம் கேட்டால் கை அட்சதையை எறியும், கால் பந்திக்கு ஓடும், செவல்பட்டியில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். கையில் அட்சதை இல்லாததால் படபடவென்று தட்டினார்கள், தட்டிக்கொண்டே எழுந்தார்கள், எழுந்ததுமே முதல் பந்திக்கு இடம் பிடிக்க ஓடினார்கள்.

மேடையில் தபித்தா இரண்டு கையையும் தூக்கியபடி நின்றிருந்தார், அந்த மௌனத்தைப் பிடித்து வைத்திருந்த கை அது. ராஜகனி அண்ணாச்சி நேரே மேடையேறி அந்தக் கைகளுக்கு நடுவே பொன்னாடையைப் போர்த்தினார், போட்டோ எடுக்கிறவன் இன்னும் கொஞ்சம் சிரிங்க மேடம் என்றான், வயலின்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு வில்லைக் கீழே இறக்கினார்கள். வாசிக்க வந்தவர்கள் சாப்பாட்டைப் பார்சலாக வாங்கிக்கொண்டு அன்றைக்கே சென்னைக்குப் பஸ் ஏறினார்கள், மருமகன் மட்டும் மாமனார் வீட்டில் தங்கினார்.

பந்தியில்தான் முதலில் தெரிந்தது. கடைசி வாய்ச் சோற்றை எடுத்து உண்டால் இலையில் மறுபடியும் ஒரு கடைசி வாய் இருந்தது. அதையும் உண்டால் இன்னொன்று. இலையை மூட முடியவில்லை, எழுந்திருக்க முடியவில்லை, அடுத்த பந்திக்காக நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்கள் எவ்வளவு நேரம்தான் தின்பீர்கள் என்று ஏசத் தொடங்கினார்கள். ரசத்தைக் குடித்துப் பார்த்தார்கள், பாயசத்தைக் குடித்துப் பார்த்தார்கள். அண்ணாச்சி சமையல்காரரைக் கூப்பிட்டு என்னய்யா போட்டீர் என்று சத்தம் போட்டபோது பக்கத்து இலையிலிருந்த மருமகன் மெதுவாகச் சொன்னார்.

"மாமா, நாங்க இன்னும் வாசிச்சு முடிக்கவே இல்லையே."

ஓகோ அப்படியா என்று எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அதற்குமேல் யாரும் காரணம் கேட்கவில்லை, மிச்சம் வைத்த காரியம் மிச்சமாகத்தான் நிற்கும் என்பது இவர்களுக்குப் புரியாத விஷயமா, கடைசி வாயை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

மறுநாளிலிருந்து ஊர் அதற்குத் தக்கபடி நடக்கப் பழகியது, பால் விளிம்புவரை ஏறி அங்கேயே நின்றது, வழியாதது நல்லதுதானே என்று அப்படியே இறக்கிக்கொண்டார்கள், குக்கர் கடைசி விசிலுக்கு முன்னால் இழுத்து இழுத்து மூச்சு விட்டது, பஸ் ஸ்டாப்பில் பஸ் நிற்காமல் ஆமை வேகத்தில் உருண்டதால் கிழவிகள்கூட ஓடி ஏறக் கற்றுக்கொண்டார்கள், டெய்லர் கடையில் எந்தச் சட்டைக்கும் கடைசிப் பொத்தான் வைக்க முடியவில்லை, பள்ளிக்கூடத்தில் வீட்டுமணி அடிக்கவில்லை என்று பிள்ளைகள் சுவரேறிக் குதித்தார்கள், தும்மல் வந்தவர்கள் வாயைப் பிளந்தபடியே கடைக்குப் போய்ச் சாமான் வாங்கினார்கள். சீரியல் பார்க்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள், தங்கமாரிக்கு வலி எடுக்கும்வரை.

மண்டபத்தின் பின்சுவரும் அரசு ஆஸ்பத்திரியின் சுவரும் ஒன்று, பேச்சியின் அண்ணன் உச்சிமாகாளி தன் ஆட்டோவை உருளவிட்டபடியே பெண்டாட்டியை இறக்கி உள்ளே தூக்கிக்கொண்டு போனான். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, பனிக்குடம் உடைந்தது, வலி நெருங்கி நெருங்கி வந்தது, பிள்ளையின் தலைமுடிகூடத் தெரிந்தது, அதோடு நின்றுவிட்டது. இன்னும் ஒரே ஒரு முக்கு என்று நர்ஸ் சொன்னாள், தங்கமாரி முக்கினாள், இன்னும் ஒரு முக்கு பாக்கி இருந்தது. மறுபடி முக்கினாள், மறுபடியும் ஒன்று பாக்கி.

தலை தெரிகிற பிள்ளையோடு வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது, ஆபரேஷன் பண்ணி எடுங்கள் என்று பேச்சி டாக்டரிடம் கத்தினாள். டாக்டரம்மா கோபப்படவில்லை, காலில் அரிவாள் பட்டு வந்த ஒரு ஆளைக் காட்டினார், தையல் போட்டுப் போட்டு நூல்தான் தீர்கிறது, கடைசி முடிச்சு விழ மாட்டேன் என்கிறது, ரத்தம் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

"இந்த ஊர்ல நான் வயித்தைத் திறக்கலாம்மா, மூட முடியாது," என்றார்.

அதற்குப் பிறகு பேச்சி ஒரு இடத்தில் உட்காரவில்லை. மருமகனைப் பிடித்துக்கொண்டு வந்து அந்தச் சிம்பொனியைப் போனிலே போட்டு ஸ்பீக்கரில் விடச் சொன்னாள், போனில் வட்டம் சுத்திக்கொண்டே இருந்தது, பாட்டு இறங்கி முடிக்கவில்லை. நாதஸ்வரக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து மிச்சத்தை நீங்களாவது வாசியுங்கள் என்று கெஞ்சினாள்.

"அவங்க கட்ட ஆரம்பிச்ச தாலிக்கு நான் வந்து மூணாவது முடிச்சுப் போடணுமா? அது தப்பு தாயி," என்று அவர் நாதஸ்வரத்திலிருந்து சீவாளியைக் கழற்றி உறையில் போட்டார்.

தபித்தா மேடத்துக்குப் போன் போட்டபோது அவர் இதைக் கேட்டுச் சிரிக்கவும் இல்லை, சந்தேகப்படவும் இல்லை. அன்றைக்குத் தூக்கிய கை இன்னும் தோளுக்குக் கீழே இறங்கவில்லை, அடுத்தவர்கள்தான் சோறு ஊட்டுகிறார்கள் என்றார். வருகிறோம், ஆனால் விட்ட இடத்திலிருந்து வாசிக்க இது அறுந்துபோன சினிமா ரீல் இல்லை, முதலிலிருந்துதான் வாசிக்க வேண்டும், அன்றைக்கு எழுந்து போனவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்து உட்கார வேண்டும், அந்த மௌனத்தில் ஒரு கை தட்டினாலும் மறுபடி இதே கதிதான் என்றார். ஊர்க்கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டார்கள், எல்லோரும் சரி என்றார்கள், வெள்ளத்தாய் ஒருத்தியைத் தவிர.

வெள்ளத்தாயின் புருஷன் சீனிச்சாமி பட்டாசு லாரி ஓட்டினவர். மண்டபம் திறந்த அன்றைக்கு அவருக்கு இழுத்துக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, ஒரு வாய் சாப்பிட்டு வரட்டும் என்று வெள்ளத்தாயை வலுக்கட்டாயமாக மண்டபத்துக்கு அனுப்பி வைத்திருந்தாள். அவள் திரும்பி வந்தபோது சீனிச்சாமி கடைசி மூச்சை உள்ளே இழுத்திருந்தார், வெளியே விடவில்லை. அன்றைக்கிருந்து அப்படியேதான் கிடக்கிறார், கண் திறந்திருக்கிறது, உடம்பு சூடாக இருக்கிறது.

பேச்சி போனபோது வெள்ளத்தாய் சீனிச்சாமியின் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் கைநகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். தலைமுடி முதுகெல்லாம் விரிந்து கிடந்தது, கொண்டை போட்டாலும் கடைசிச் சுற்று நிற்காமல் அவிழ்ந்துவிடுகிறதாம். பேச்சிக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது, வந்த காரியத்தைச் சொன்னாள். வெள்ளத்தாய் நிமிரவில்லை.

"கல்யாணமான நாள்ல இருந்து இவரு லாரியிலதாம்ட்டி இருந்தாரு. வீட்டுல இருக்கது இப்பதான்."

"பெரியம்மா, நீங்க வந்தா இவரு போயிருவாரு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கூப்பிட வந்திருக்கேன்."

"உங்க மதினி சாகமாட்டா, போ. இந்த ஊர்ல இப்ப யாரும் சாக முடியாது."

"சாகமாட்டா பெரியம்மா. அதான் எனக்குப் பயமா இருக்கு."

வெள்ளத்தாய் நகவெட்டியைக் கீழே வைத்தாள். அந்த வீட்டில் நிற்க நிற்கப் பேச்சிக்கே மூச்சு முட்டியது, சீனிச்சாமியின் நெஞ்சு உப்பினபடியே நின்றிருந்தது, கழுத்து நரம்பு இரண்டும் கயிறு மாதிரிப் புடைத்திருந்தன. சொல்லவா வேண்டாமா என்று யோசிக்கிற வழக்கம் பேச்சியிடம் இல்லை.

"அவருக்கு வலிக்கலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"வெளிய போட்டி," என்றாள் வெள்ளத்தாய்.

சென்னைப் பஸ் மத்தியானம் வந்தது. உருளுகிற பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கினார்கள், ஆள் உயர வயலின்களையும் செம்பு முரசுகளையும் ஊர் ஆண்கள் பஸ்ஸோடு கூடவே ஓடி ஓடிக் கைமாற்றி வாங்கினார்கள், தபித்தா கையைத் தூக்கியபடியே நடந்து வந்ததைப் பார்த்து ஆசி வழங்குகிறார் என்று ரெண்டு பேர் கும்பிட்டார்கள். ஏசியை நிறுத்திப் பின்பக்கச் சன்னல்களையெல்லாம் திறந்து வைத்தார்கள், அன்றைக்கு எழுந்து போனவர்களில் தங்கமாரியும் உண்டு, அவள் காதிலும் விழ வேண்டும். அவள் குரல் சன்னல் வழியே இந்தப் பக்கம் வந்தது. கத்தல் இல்லை, கத்துகிற தெம்பெல்லாம் போய்விட்டது, ஒரு மாடு தண்ணீருக்கு முனகுகிற மாதிரி இருந்தது.

அவரவர் அன்றைக்கிருந்த இடத்தில் அவரவர் உட்கார்ந்தார்கள். சமையலறைக்குப் பூட்டுப் போட்டார்கள். அண்ணாச்சியின் சம்சாரம் புருஷனின் வேட்டி முனையைத் தன் சேலை முந்தானையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். தங்கமாரியின் இடத்தைத் தவிர இன்னும் ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. மேடத்தின் குச்சி அசையப்போகிற நேரத்தில் வெள்ளத்தாய் விரிந்த தலையோடு உள்ளே வந்தாள், யாரையும் பார்க்காமல் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வந்துவிட்டாள் என்று ஊரே மூச்சு விட்டது. பேச்சி விடவில்லை. வராமல் இருந்து தடுப்பதைவிட வந்து தடுப்பது சுலபம், ஒரே ஒரு தட்டு தட்டினால் போதும். தன் இடத்தை விட்டு எழுந்து பக்கத்தில் இருந்தவரிடம் கெஞ்சி வெள்ளத்தாய்க்கு அடுத்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள், மௌனம் வரும்போது அந்தக் கை அசைந்தால் ரெண்டையும் சேர்த்துப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

வாசித்தார்கள். அன்றைக்கு அம்மா திட்டுகிற மாதிரி இருந்தது இன்றைக்கு வேறாக இருந்தது, பேச்சி ஒவ்வொரு சுரத்தையும் வாயில் போட்டு மென்று பார்க்கிற மாதிரிக் கேட்டாள், ஒரு விஷயத்தைச் சொல்லி, அதை உடைத்துப் பார்த்து, எங்கெங்கேயோ தூக்கிக்கொண்டு அலைந்து, கடைசியில் அது பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு சொந்த வாசலுக்கே வந்து நிற்கிறது, வந்து நிற்கும்போது யாரோ தெரிந்த ஆள் வந்த மாதிரி இருக்கிறது. இதற்காகத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்களா, அன்றைக்கே யாராவது சொல்லித் தொலைத்திருக்கலாம். இரண்டாம் பாகத்தில் ஒரே ஒரு புல்லாங்குழல் தனியாக வந்தது, சன்னலுக்கு அந்தப் பக்கம் முனகல் அதோடு ஏறி அதோடு இறங்கியது, முன்வரிசையில் இளவட்டங்கள் முழங்கையால் முகத்தைத் துடைத்தார்கள். மூன்றாம் பாகம் துள்ளியது, யாருக்கும் காலாட்டக்கூடத் தைரியமில்லை. வெள்ளத்தாய் மடியில் கைகளை வைத்தபடி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள், உள்ளங்கை இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்தபடி இருந்தன.

நாலாம் பாகம் ஓடத் தொடங்கியது, வயலின்கள் ஓடின, குழல்கள் ஓடின, எக்காளங்கள் எழுந்தன, முரசு அடிக்கிற பையன் குச்சிகளை ஓங்கினான், கெட்டிமேளம், அதே கெட்டிமேளம், கால்களெல்லாம் தாமாகவே தரையை உதைத்தன, எத்தனையோ பேர் தங்கள் நாற்காலிக் கைப்பிடியைத் தாங்களே பிடித்து அமுக்கினார்கள். அண்ணாச்சி பாதி எழுந்தேவிட்டார், வேட்டி இழுத்து உட்கார வைத்தது. முழக்கம் நின்றது.

மௌனம். மின்விசிறிச் சத்தம் கேட்டது. சன்னலுக்கு அந்தப் பக்கம் முனகலும் நின்றது. தபித்தாவின் கைகள் மேலே இருந்தன.

வெள்ளத்தாய் மடியிலிருந்து இரண்டு கைகளையும் தூக்கினாள். பிடி, பிடி என்று பேச்சியின் தலைக்குள் கேட்டது, அவள் பிடிக்கத்தான் நினைத்தாள், அதற்காகத்தான் வந்து உட்கார்ந்தாள், ஆனால் புருஷனுக்கு நகம் வெட்டின அந்தக் கிழட்டுக் கைகளைப் பக்கத்தில் பார்த்தபோது அவள் கை மடியை விட்டு வரவில்லை. வெள்ளத்தாயின் கைகள் முகத்துக்கு நேரே வந்தன, ஒன்றை விட்டு ஒன்று விலகி, அட்சதை எறிகிற உயரத்தில் கொஞ்ச நேரம் நின்றன. ஊர் முழுக்க அவளையே பார்த்தது. அவளை ஒருத்தரும் தடுக்கவில்லை.

கைகள் இன்னும் மேலே போயின, தலைக்குப் பின்னால் போயின, விரிந்து கிடந்த முடியை அள்ளி முறுக்கின. வேலைக்கு இறங்கப்போகிறவள் மாதிரி அவள் கொண்டை போடத் தொடங்கினாள்.

வயலின்கள் மெதுவாக ஆரம்பித்தன. அதே ராகம்தான், ஆனால் கொஞ்சம் உசந்த சுருதியில், அடுத்த தெருவிலிருந்து யாரோ பாடுகிற மாதிரி, எதுவுமே நடக்காத மாதிரி. இரண்டு மூன்று பேருக்குச் சிரிப்பு வந்தது, வேடிக்கை இப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது, சிரித்துக்கொண்டே அழுதார்கள். அடுத்த தெருவிலிருந்து அது சொந்தத் தெருவுக்கு நடந்து வந்தது, வாசலுக்கு வந்தது, எல்லாக் கருவியும் கூடிக்கொண்டன, வெள்ளத்தாய் கடைசிச் சுற்றைச் சுற்றிச் செருகினாள், கொண்டை நின்றது, முரசு விழுந்தது, முடிந்தது.

தபித்தாவின் கைகள் கீழே இறங்கின. யாரும் தட்டவில்லை, பயம். அதற்குப் பதில் ஊர் தட்டியது, தெருத்தெருவாகக் குக்கர்கள் கூவின, பஸ்கள் பிரேக் பிடித்து நின்றன, அடக்கி வைத்த தும்மலெல்லாம் ஒரே நேரத்தில் வெடித்தன, பள்ளிக்கூட மணி அடித்தது, அடுப்புகளில் பால் பொங்கி வழிந்து கருகியது. அத்தனைக்கும் மேலே சன்னல் வழியாக ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது.

பேச்சி எழுந்தபோது வெள்ளத்தாயும் எழுந்தாள். வாசலுக்கு வரும்வரை கூட்டம் அவர்களுக்கு விலகி வழி விட்டது. ரோட்டில் இடது பக்கம் ஆஸ்பத்திரி, வலது பக்கம் வெள்ளத்தாயின் தெரு. பேச்சி வலது பக்கமாக ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"பெரியம்மா, நானும் உங்க கூட..."

"நீ எதுக்கு? அங்க போ. ஆணா பொண்ணான்னு மட்டும் எனக்கு வந்து சொல்லு."

பேச்சி ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினாள். உச்சிமாகாளி பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் தட்டில் வைத்த தேங்காய் மாதிரி ஏந்திக்கொண்டு நின்றான், தங்கமாரி கண்ணை மூடியபடி, யாராவது ஒரு டீ வாங்கித் தாங்களேன் என்றாள். வாங்கிக் கொடுத்து, துணி மாற்றி, வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுப் பேச்சி கிளம்பும்போது அம்மா வழி மறித்தாள், பிள்ளை பிறந்த வீட்டு ஆட்கள் சாவு விழுந்த துஷ்டி வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, தீட்டோடு தீட்டு சேரக் கூடாது என்றாள். மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பேச்சி போனாள்.

வெள்ளத்தாயின் வீட்டில் பந்தல் போட்டாகிவிட்டது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளில் தோள் சாய்த்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள், சீனிச்சாமியின் நெஞ்சு அமர்ந்திருந்தது, கழுத்து நரம்புகள் மறைந்து முகம் லாரியை ஓரம் கட்டிவிட்டுத் தூங்குகிற ஆளின் முகமாக இருந்தது. பேச்சி தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு மின்கம்பத்தை ஒட்டி நின்றாள். அவ்வளவு அழுகைக்கு நடுவே வெள்ளத்தாய் எப்படியோ தலையைத் தூக்கிப் பார்த்தாள், பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

பொண்ணு, என்று சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள் பேச்சி.

வெள்ளத்தாய் ஒரு தரம் தலையை ஆட்டினாள். பிறகு பக்கத்திலிருந்தவளின் தோளில் சாய்ந்து, விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.